ரதம் இழுக்கிற காளைக்குச் செலவு பண்ண மனசு இல்லையா?

கிள்ளான்ல தைப்பூச வேலை செய்யும் தொண்டர்கள் நாங்கள். பூ அலங்காரம், மேளம், பட்டாசு எல்லாத்துக்கும் நிர்வாகத்திடம் பணம் இருக்கு. தார் ரோட்டுல ரதம் இழுத்த காளைக்குக் குளம்பு வெடிச்சா மட்டும் "காப்புறுதியில கேளுங்க"ன்னு சொல்றாங்க.

எந்தக் காப்புறுதி? கால்நடைக் காப்புறுதி பெரும்பாலும் மாடு செத்தாத்தான் காசு கொடுக்கும். குதிரைக்கே வைத்தியச் செலவுக்குத் தனியா பிரிமியம் கட்டணும். அதிலும் லாடம் அடிக்கிறது, குளம்பு சீவுறது எல்லாம் வழக்கமான பராமரிப்புன்னு தள்ளிடுவாங்க.

ஃபேக்டரியில மெஷினுக்கே சர்வீஸ் தேதி குறிச்சு வைக்கிறோம். இது உயிருங்க!

2015 விலங்கு நலச் சட்டப்படி வைத்தியம் பார்ப்பது வச்சிருக்கிறவங்க கடமை. கொடுமைன்னு நிரூபணமானால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், சிறையும் உண்டு.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துல காளை வைத்தியத்துக்குன்னு கணக்கில் தனி வரி போடுங்க. டாக்டர் ரசீதை நாங்களே கொண்டுவந்து தர்றோம்.