இறால் கேட்பவர் காடும் கேட்கிறார்

அண்மையில் ஓர் இதழில் வந்த நீண்ட கட்டுரை எங்களைத் தூங்கவிடவில்லை. 2023 ஆகஸ்டில் எக்வடோர் மக்கள் வாக்களித்து, யாசுனி மழைக்காட்டில் எண்ணெய் எடுப்பதை நிறுத்தச் சொன்னதை அது மனம் நெகிழ்ந்து பாராட்டுகிறது. பாராட்ட வேண்டியதுதான். அடுத்த பத்தியிலேயே, வடசென்னையின் எண்ணூர் மீனவக் குப்பங்களில் நடப்பது நிவாரணச் சண்டை, அதில் இயற்கை குறித்த தரிசனம் ஏதுமில்லை என்று தீர்ப்பு எழுதுகிறது.

யாசுனியின் வவோரானி மக்கள் அந்தக் காட்டில் வேட்டையாடி உண்பவர்கள். அவர்களுக்குப் பிழைப்பு தரிசனமாகிறது, எண்ணூர் மீனவருக்கு மட்டும் ஏன் ஆகாது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம்வரை படர்ந்தது. அலையாத்தி வேர்களிலும் கூழைக்கடாக்களின் சிறகுகளிலும் அப்பியது. படகும் வலையும் பாழாயின. மீனவர்கள் நிவாரணம் கேட்டார்கள், கேட்கத்தான் வேண்டும். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பத்தருகே உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடியவர்கள், பிறகு பந்தல் போட்டு உட்கார்ந்து கேட்டது, ஆலையை நிரந்தரமாக மூட வேண்டும் என்பது. காசுக்காக மட்டும் போராடுகிறவர், காசு தர வேண்டிய ஆலையையே மூடச் சொல்வாரா?

கழிமுகத்துச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களைக் கட்டுரையாளர் பார்த்திருக்க வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பல் எங்கே படிந்திருக்கிறது, வெந்நீர் எதுவரை வருகிறது, அலையாத்தி அழிந்த இடத்தில் இறால் ஏன் இல்லை என்பதெல்லாம் அவர்கள் விரல்களுக்குத் தெரியும். 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் இருந்த எண்ணூர் ஓடை, பின்னால் வந்த வரைபடத்தில் காணாமல் போனது. அதை விடாமல் கேட்டவர்கள் குப்பத்தினரும் அவர்களோடு நின்ற இளைஞர்களும்.

சிக்கோ மென்டிஸை நாங்கள் நெஞ்சில் ஏந்தித் திரிந்த காலம் ஒன்று உண்டு. பிரேசிலின் ஆக்ரி மாநிலத்தில் ரப்பர் பால் எடுத்த தொழிலாளி, தொழிற்சங்கக்காரர். மரம் வெட்ட வந்தவர்கள் முன்னால் குடும்பம் குடும்பமாகப் போய் நின்று தடுத்தார்கள் அவரும் தோழர்களும். தொழிலாளர் அங்கேயே வாழ்ந்து பால் எடுக்கும் காப்புக்காடுகளை அவர் கேட்டார். 1988 டிசம்பர் 22 அன்று சபூரியில் அவரை அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். ரப்பர் பாலுக்காக நின்றவர்தான் அமேசானின் குரலை உலகுக்குக் கொண்டுபோனார்.

அவருடைய படத்தை அட்டையில் போட ஆசைப்பட்ட நம் சிற்றிதழ் உலகம், அந்நியமாதல் பற்றிப் பக்கம் பக்கமாக விவாதித்தது. திருவொற்றியூரில் தன் கடலிலிருந்தே அந்நியமாக்கப்பட்டவரைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதியது. சங்கப் பாடல்களின் கடற்கரைத் திணையான நெய்தலை இரங்கலாக மட்டும் வாசித்துப் பழகிவிட்டோம், அதன் கருப்பொருளை மறந்துவிட்டோம். தொல்காப்பியர் அடுக்கும்போது உணவும் மரமும் பறவையும் தொழிலும் ஒரே வரிசையில்தான் வருகின்றன. தொழிலை உருவிவிட்டு மரத்தையும் பறவையையும் மட்டும் வைத்துக்கொள்ளும் சூழலியல், வசதியுள்ளவர்களின் ரசனையாக மட்டுமே எஞ்சும். பசித்தவரின் சொல்லை மதிக்காத அழகியலை நாம் ஐம்பது ஆண்டுகளாக வளர்த்திருக்கிறோம். அந்தக் கட்டுரை அதன் விளைச்சல்.

எண்ணூரை அடுத்த காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான பொதுக் கருத்துக்கேட்பு, கடும் எதிர்ப்புக்கிடையே 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் தள்ளிப்போனது. மீண்டும் அறிவிப்பு வந்தால், யாசுனிக்காக எழுதிய ஒவ்வொருவரும் அங்கே போய்ப் பெயர் கொடுத்துப் பேச வேண்டும். வாசகர்களும் வாருங்கள்.