கரை வந்தும் கடை சேராச் சரக்கு

2025ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள், கட்டாயப் பரிசோதனைக்கெனக் குறிக்கப்பட்டிருந்த 323 கொள்கலன்கள் திறந்து பார்க்கப்படாமலே கொழும்புத் துறைமுகத்திலிருந்து விடுவிக்கப்பட்டன. அவற்றுள் என்ன இருந்தது என்னும் வினா நாடாளுமன்றத்திலும் தெருவிலும் ஓயாது எழுந்தது. ஜனாதிபதி விசாரணைக் குழுவொன்றை நியமித்தார். எதிர்க்கட்சிகள் ஐயங்களை அடுக்கின. அரசு நெரிசலைக் காரணங்காட்டியது. தவறிழைத்தோர் எவரென்பதை விசாரணையும் சட்டமும் தீர்மானிக்கட்டும். நாம் கேட்பது அதற்கு முந்திய கேள்வி. பரிசோதித்தே தீர வேண்டிய சரக்கைப் பரிசோதியாமல் வெளியே விடும் நிலைக்கு ஒரு நாட்டின் சுங்கத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது எது?

அந்த நாளுக்கு முந்திய வாரங்களை நினைவுகூர்வோம். பண்டிகைக் காலத்துக்கென வரவழைத்த பொருள்கள் ஒருங்கே வந்திறங்கின. அரிசித் தட்டுப்பாட்டைத் தணிக்க 2024 டிசெம்பரில் திறக்கப்பட்ட இறக்குமதி வாயில் ஜனவரி 10 வரை நீடிக்கப்பட்டதால் அரிசிக் கொள்கலன்களும் உடன் சேர்ந்தன. பரிசோதனை முற்றங்கள் நிரம்பின. முற்றத்தில் இடமில்லாமையால் துறைமுகத்துக்குள் கொள்கலன்கள் குவிந்தன. உள்ளே குவிந்ததால் வெளியே பாரவூர்திகள் வரிசையில் நின்றன. இங்குருகடே சந்தியும் ஒருகொடவத்தையும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருக்களும் அந்த வரிசைகளின் சுமையைத் தாங்கின. ஓட்டுநர்கள் வண்டியிலேயே உண்டு வண்டியிலேயே உறங்கினார்கள்.

இத்தனைக்கும் கடற்பக்கத்தில் கொழும்பு தளர்ந்த துறைமுகமன்று. உலகின் முதல் முப்பது கொள்கலன் துறைமுகங்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டமையால் பெருங்கப்பல்கள் சுயஸ் கால்வாயைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றலாயின. பயணம் நீண்டது, கால அட்டவணைகள் குலைந்தன, வழியில் சரக்கை மாற்றியேற்றும் தேவை பெருகியது. அதன் பயனும் பளுவும் கொழும்புக்கு வந்தன. 2023இல் ஏறத்தாழ 69 இலட்சம் இருபதடி அலகுகளைக் கையாண்ட துறைமுகம் 2024இல் 78 இலட்சத்தை நெருங்கியது. 1985இல் திறக்கப்பட்ட ஜய கொள்கலன் முனையம், 1999இல் வந்த தெற்காசிய நுழைவாயில் முனையம், 2013இல் சீன முதலீட்டில் எழுந்த கொழும்பு சர்வதேச கொள்கலன் முனையம் ஆகிய மூன்றும் அந்தப் பளுவின் பெரும்பகுதியைச் சுமந்தன. 2025 ஏப்ரிலில் மேற்கு முனையமும் தொழிற்படத் தொடங்கியது. அதானி நிறுவனம் 51 விழுக்காடும், ஜோன் கீல்ஸ் 34 விழுக்காடும், துறைமுக அதிகார சபை 15 விழுக்காடும் பங்கு கொண்டுள்ள அம்முனையத்துக்கு 1,400 மீற்றர் நீளத் துறைமேடையும் 20 மீற்றர் ஆழமும் உள்ளன.

இந்த எண்களில் மயங்கிவிடலாகாது. கொழும்பில் இறங்கும் கொள்கலன்களுள் ஐந்தில் நான்கு பங்கு இந்நாட்டுக்கு உரியவையல்ல. தூத்துக்குடி, கொச்சி போன்ற துறைமுகங்களிலிருந்து சிற்றூட்டுக் கப்பல்களில் வந்து, இங்கே பெருங்கப்பலுக்கு மாறிச் செல்பவை அவை. துறைமுகத்தின் வேலியைத் தாண்டாத அந்தச் சரக்குக்குச் சுங்கப் பரிசோதனை முற்றமும் தேவையில்லை, ஒருகொடவத்தை வீதியும் தேவையில்லை. எஞ்சிய ஒரு பங்கே நம் அடுப்பையும் ஆலையையும் எட்ட வேண்டியது. அந்த ஒரு பங்குதான் வாயிலில் தேங்குகிறது. மீள்கப்பலேற்றலில் ஈட்டும் டொலருக்காகக் கடற்பக்கத்தைக் கண்ணெனக் காத்த அரசுகள், தம் மக்களின் சரக்கு கடந்துசெல்லும் நிலப்பக்கத்தை அதே அக்கறையோடு பார்க்கவில்லை என்பதே எமது குற்றச்சாட்டு.

சான்று தேடி வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. துறைமுகத்துக்கு வெளியே நெருங்கிய நகர்ப்புறத்தில், ஒருகொடவத்தைப் பகுதியிலுள்ள முற்றங்களுக்கு எடுத்துச் சென்றே கொள்கலன்கள் திறக்கப்பட்டு வருகின்றன. அவை இன்றைய தொகைக்கு அமைந்தவையல்ல. கெரவலப்பிட்டியில் விரிந்த பரிசோதனை முற்றம் அமைப்பது என்பது அரசுகள் மாறியும் மாறாத வாக்குறுதி. கட்டுநாயக்க அதிவேக வீதியும் வெளிச்சுற்று அதிவேக வீதியும் சந்திக்கும் இடம் அது. அங்கே திறக்கப்படும் சரக்கு கொழும்பின் தெருக்களை மிதியாமலே கண்டிக்கும் காலிக்கும் செல்லலாம். இடமும் தெரியும், வழியும் உண்டு. ஆண்டுகள் மட்டும் கழிந்தன.

தாமதத்தின் விலையை யார் செலுத்துகிறார்? இலவச நாள்கள் கடந்ததும் துறைமுக வாடகை ஏறத் தொடங்குகிறது. கொள்கலனைத் திருப்பித் தராத ஒவ்வொரு நாளுக்கும் கப்பல் நிறுவனம் தாமதக் கட்டணம் விதிக்கிறது. அது பெரும்பாலும் டொலரில் கணக்கிடப்படுகிறது. காத்துநிற்கும் பாரவூர்திக்கு நாட்கூலி தனி. வங்கியில் வாங்கிய கடனுக்கு வட்டி தனி. நூறு கொள்கலன் வரவழைக்கும் பெருநிறுவனம் கப்பல் நிறுவனத்தோடு பேரம் பேசும். சுங்க முகவர்களைச் சொந்தமாகவே வைத்திருக்கும். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பும் மல்லியும் செத்தல் மிளகாயும் விற்கும் சிறுவணிகருக்கு அந்த வலிமை இல்லை. ஒரே கொள்கலனில் அவருடைய மூலதனம் முழுவதும் அடங்கியிருக்கும். பத்து நாள் பிந்தினால் இலாபம் போகும். இருபது நாள் பிந்தினால் முதலும் கரையும். அவர் இழப்பை விலையில் ஏற்றுவார். வேறு வழி அவருக்கு இல்லை. வெள்ளவத்தையிலும் கல்கிசையிலும் காலி வீதிக் கடைகளில் ஒரு கிலோ பருப்பு வாங்கும் குடும்பம், எந்தச் சட்டமும் விதிக்காத அந்த வரியைத் தான் அறியாமலே செலுத்துகிறது.

இதனை நாம் ஒருமுறை கடுமையாகவே கற்றோம். 2021இன் இறுதியில் அந்நியச் செலாவணி வற்றியபோது, வங்கிகள் டொலர் வழங்க இயலாமையால் அத்தியாவசிய உணவுப் பொருள்கள் அடங்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொள்கலன்கள் துறைமுகத்தில் சிறைப்பட்டுக் கிடந்தன. இல்லாத டொலரிலேயே தாமதக் கட்டணமும் வளர்ந்தது. அன்று காரணம் கையிருப்பின்மை. 2025இன் தொடக்கத்தில் பணம் இருந்தது, பொருள் வந்தது, கப்பலும் இறக்கியது. நிருவாகம் மட்டுமே தடுமாறியது. அதனால்தான் இந்த நெரிசல் முன்னதைக் காட்டிலும் மன்னிக்கத்தகாதது.

ஏற்றுமதியாளரின் துயரம் இன்னும் ஆழமானது. கப்பலின் ஏற்றும் நேரம் முடிவதற்குள் கொள்கலன் வாயிலைக் கடக்க வேண்டும். இறக்குமதிப் பாரவூர்திகளால் அடைபட்ட வீதியில் தேயிலைக் கொள்கலனும் ஆடைக் கொள்கலனும் சிக்குகின்றன. அந்தக் கப்பல் தவறினால் அடுத்ததற்கு நாள்கள் காத்திருக்க வேண்டும். அதிலும் இடம் உறுதியில்லை. பருவம் தவறிய ஆடையைக் கொள்முதல் செய்வோர் விலை குறைத்துக் கேட்பர், அல்லது விமானத்தில் அனுப்புமாறு பணிப்பர். விமானச் செலவு தொழிற்சாலையின் இலாபத்தை விழுங்கும். அதன் இறுதிச் சுமை கட்டுநாயக்காவிலும் பியகமவிலும் தைத்துக்கொண்டிருக்கும் பெண்ணின் மேலதிக நேரத்தின்மேல் இறங்குகிறது. மலையகத்தில் கொழுந்து பறிப்போரின் கூலி பற்றிப் பேசும் போதெல்லாம் உற்பத்திச் செலவைச் சுட்டும் கம்பனிகள், துறைமுக வாயிலில் வீணாகும் பணத்தையும் அதே குரலில் சுட்டியிருக்க வேண்டும்.

சுங்கத்தின் அடித்தளச் சட்டம் 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம். கொழும்பின் தென்மேல் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1875இல். துறைமுகத்தின் முதற் சுவரினும் மூத்த சட்டம் அது. திருத்தங்கள் பல வந்துள்ளன. ஆயினும் ஒவ்வொரு வணிகரையும் ஐயுறுவதே கடமை என்ற அதன் உள்ளம் மாறவில்லை. தண்டத்திலும் பறிமுதலிலும் ஒரு பங்கு அதிகாரிகளுக்கே வெகுமதியாகச் செல்லும் வழக்கமும் அச்சட்டத்தில் வேர்கொண்டதே. நேர்மையாக உழைக்கும் சுங்க அலுவலர் பலரை நாம் அறிவோம். போதைப்பொருளையும் வரி ஏய்ப்பையும் தடுத்து நிற்பவர்கள் அவர்களே. ஆனால் குற்றம் கண்டால் பரிசு, விரைந்து விடுவித்தால் ஐயம் என்னும் ஏற்பாட்டில் எந்த மனிதரும் தாமதத்தையே தெரிவுசெய்வார்.

இனி, சுங்கம் மட்டுமே வாயிற்காவலர் அல்ல. உணவுக்குச் சுகாதார அமைச்சு, விதைக்கும் பழத்துக்கும் தாவரத் தொற்றுக்காப்பு, பல பண்டங்களுக்குக் கட்டளைகள் நிறுவகம், உரிமத்துக்கு இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் என வாயில்கள் பல. ஒவ்வொன்றும் தன் நேரத்தில் திறந்து தன் நேரத்தில் மூடும். கப்பல் இரவிலும் விடுமுறையிலும் இறக்குகிறது. கையொப்பம் இட வேண்டியவரோ திங்கட்கிழமை காலையில்தான் வருகிறார். உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கையை இலங்கை 2016இலேயே ஏற்றது. ஆபத்து மிக்க சரக்கை மட்டும் தெரிந்து சோதித்தல், நம்பகமான வணிகருக்குத் தனிவழி, எல்லா அனுமதிகளுக்கும் ஒரே சாளரம் ஆகிய மூன்றையும் அது வேண்டுகிறது. ஒப்பமிட்டோம். ஒரே சாளரம் பேச்சிலேயே பல ஆண்டுகளைக் கடந்தது.

தயக்கம் நம் துறைமுகத்துக்குப் புதிதன்று. கிழக்கு முனையத்தின் துறைமேடையின் ஒரு பகுதி கட்டி முடிந்த பின்னும் பாரந்தூக்கிகளின்றி ஆண்டுக்கணக்கில் வெறுமையாய்க் கிடந்தது. 2019இல் இந்தியாவுடனும் ஜப்பானுடனும் அதற்கென உடன்பாடு கண்டோம். தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் 2021 பெப்ரவரியில் அதைக் கைவிட்டோம். அரச சொத்தைக் காக்க வேண்டும் என்ற தொழிலாளரின் கவலையை நாம் இகழவில்லை. ஆனால் முடிவெடுக்காமையால் இழந்த ஆண்டுகளை எவரும் கணக்கிற் கொள்ளவில்லை. இதற்கிடையே கேரளக் கரையில் விழிஞ்ஞம் எழுந்துவிட்டது. 2025 மே 2ஆம் நாள் முறையாகத் திறக்கப்பட்ட அத்துறைமுகம் இயற்கையான ஆழமுடையது. கொழும்பு இன்று மாற்றியேற்றும் இந்தியச் சரக்கையே அதுவும் நாடுகிறது. மீள்கப்பலேற்றல் வருவாய் என்றும் நிலைக்கும் என்றெண்ணி நிலப்பக்கத்தை மறந்திருப்பது இனி இயலாது.

323 கொள்கலன்களின் படிப்பினையை எதிர்மறையாகக் கொள்வோரும் உளர். அவமானத்துக்கு அஞ்சி எல்லாவற்றையும் திறந்து பார்க்க முற்பட்டால் வாயில் முழுதாக அடைபடும். மீண்டும் ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிட நேரும். எந்தக் கொள்கலனைத் திறப்பது என்பதைக் கணினியின் ஆபத்து மதிப்பீடு தீர்மானிக்கட்டும். அதை மாற்றும் அதிகாரம் எவருக்கு, எக்காரணங்களுக்கு என்பது சட்டத்தில் எழுதப்படட்டும். ஒவ்வொரு மாற்றமும் பெயரோடு பதியப்பட்டு, கணக்காய்வாளர் நாயகத்தின் பார்வைக்குச் செல்லட்டும். 1869ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டம் நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும்; அதில் வெகுமதி முறையும் திருத்தப்பட வேண்டும். கெரவலப்பிட்டி முற்றத்துக்கு நிதியும் முடிவுநாளும் வரவு செலவுத் திட்டத்தில் எழுதப்பட வேண்டும். சோதனை முற்றமும் அனுமதி வழங்கும் திணைக்களங்களும் இரவு முழுவதும் இயங்கட்டும்.

இன்னொன்றையும் வற்புறுத்துகிறோம். ஆவணம் அனைத்தும் சரியாக இருந்தும் அரசின் பரிசோதனை பிந்தியதால் சரக்கு தேங்குமானால், அந்நாள்களின் துறைமுக வாடகையை வணிகரிடம் அறவிடுதல் அநீதி. அதை அரசே ஏற்க வேண்டும். கப்பல் நிறுவனங்களின் தாமதக் கட்டணத்துக்கும் அத்தகைய நாள்களில் வரம்பு விதிக்கப்பட வேண்டும். ஒரு கொள்கலன் கப்பலிலிருந்து இறங்கி வாயிலைக் கடக்கச் சராசரியாக எத்தனை மணிநேரம் ஆகிறது, அதில் எந்தத் திணைக்களம் எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை வாரந்தோறும் துறைமுக அதிகார சபையும் சுங்கத் திணைக்களமும் மும்மொழியிலும் வெளியிடட்டும். துறைமுக அமைச்சர் இவற்றை அடுத்த பண்டிகைக் கால நெரிசலுக்கு முன்னரே செய்து முடிக்க வேண்டும்.