பார்சலை முடக்கும் ஒற்றைச் சொல்

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பிய பார்சல் சுங்கத்தில் கிடந்தால் பழி அதிகாரிகள் மீது விழுகிறது. ஆனால் பல தாமதங்கள் அனுப்புகிறவரின் மேசையிலேயே தொடங்குகின்றன. 'துணி', 'பரிசு', 'சாம்பிள்' என்று படிவத்தில் எழுதினால், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? திருப்பூர் பருத்தி டி-ஷர்ட்டுக்கு 610910 என்ற ஆறு இலக்கச் சுங்கக் குறியீடு உலகெங்கும் ஒன்றே. அதையும் நூல் வகை, எண்ணிக்கை, உண்மையான விலையையும் எழுதிவிட்டால் பெட்டியைத் திறந்து பார்க்கும் தேவை குறைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச் முதல் விமானத்தில் வரும் வணிகப் பொருள்களுக்கு இந்தக் குறியீட்டை அவை வந்து சேரும் முன்பே கேட்கிறது.

சிறு வணிகருக்கு இது வீண் சுமை, 'பரிசு' என்றும் விலை குறைவு என்றும் போட்டால் சுலபமாகப் போய்விடுமே என்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. 800 டாலர் வரையான பார்சல்களுக்கு அமெரிக்கா தந்த தீர்வை விலக்கு 2025 ஆகஸ்ட் 29-இல் நின்றது. ஐரோப்பாவிலோ 22 யூரோவுக்கு உட்பட்ட சரக்குக்கான வரிவிலக்கு 2021-லேயே போனது. பொய் விலை பிடிபட்டால் அபராதம், பறிமுதல்; பார்சல் காணாமல் போனால் இழப்பீடும் அந்தப் பொய் விலைக்குத்தான். அதிகாரிகளின் மெத்தனம் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விற்பவரால் அதை மாற்ற முடியாது, படிவத்தை மாற்ற முடியும். வரியை யார் கட்டுவது என்பதையும் வாங்குபவரிடம் விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். வாசலில் வந்து நிற்கும் எதிர்பாராத பில்லைப் பார்த்துப் பார்சலைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.