ஆட மட்டும்தானா? ஆட்டுவிக்கக் கூடாதா?

ஜெஃப்ரி ஹோல்டர் என்றால் ‘ஜேம்ஸ் பாண்ட் பட வில்லன்’ என்கிறார்கள். 1973இல் வந்த ‘லிவ் அண்ட் லெட் டை’ படத்தின் மாந்திரீகர் பேரன் சமேதி. ஆறரை அடி உயரம், வெள்ளை பூசிய முகம், அதிரும் சிரிப்பு. அவ்வளவுதானா அந்த மனிதர்?

1930இல் டிரினிடாட்டில் பிறந்தவர். சிறுவயதில் திக்குவாய். அண்ணன் பாஸ்கோவிடம் நடனமும் ஓவியமும் கற்றார். நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் முதன்மை நடனக் கலைஞரானார். ஓவியத்துக்காகக் குகன்ஹைம் நல்கை பெற்றார்.

1975இல் பிராட்வே மேடையில் ‘தி விஸ்’. வெள்ளை முகங்களோடே உலகம் பார்த்துப் பழகிய ‘ஓஸ்’ கதையைக் கறுப்பினக் கலைஞர்களே நடித்த இசை நாடகம். அதை இயக்கியவரும் உடைகளை வடிவமைத்தவரும் ஹோல்டரே. இரண்டுக்கும் டோனி விருது. அவ்விரு பிரிவுகளிலும் ஒரு கறுப்பின ஆண் வென்றது அதுவே முதல்முறை. நாடகம் 1,672 காட்சிகள் ஓடியது.

மூன்றே ஆண்டுகளில் அது திரைப்படமானது. நடிக்க டயானா ராஸ், மைக்கேல் ஜாக்சன். இயக்க? சிட்னி லூமெட். உடை வடிவமைக்க? டோனி வால்டன். இருவருமே வெள்ளையர்கள். லூமெட்டின் திறமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நாடகத்தை வென்று காட்டியவர் எங்கே போனார் என்று கேட்கிறோம்.

இந்தச் சூது நமக்குப் புதிதல்ல. ஆடு என்பார்கள், பாடு என்பார்கள், கைகூடத் தட்டுவார்கள். ஆட்டுவிக்கும் நாற்காலியை மட்டும் தரமாட்டார்கள்.

2014இல் ஹோல்டர் மறைந்தார். அவருடைய சிரிப்பை நினைப்பவர்கள் அவருடைய மூளையையும் நினைக்கட்டும்.