வடக்கும் தெற்கும் மோதிய பரீட்சை

ரயில்வே தேர்வு, வங்கித் தேர்வு, குரூப் தேர்வு என்று சித்தூர், திருப்பதித் தமிழர் வீடுகளில் பிள்ளைகள் கண் விழித்துப் படிக்கிறார்கள். இந்தப் போட்டித் தேர்வு முறையின் பிறப்பிடம் சீனா.

பரீட்சை வைத்து அதிகாரிகளைப் பொறுக்கும் வழக்கம் அங்கே சுமார் 1,300 ஆண்டுகள் நீடித்து, 1905இல்தான் ஒழிக்கப்பட்டது. நான்கிங் நகரப் பரீட்சைக் கூடத்தில் 20,000க்கும் அதிகமான சிற்றறைகள் இருந்தன. ஆளுக்கு ஓர் அறை. உண்பதும் உறங்குவதும் அதற்குள்ளேயே. ஏழை மகனும் எழுதலாம் என்பது பொது விதி. சம்பாதிக்காமல் பல்லாண்டு படிக்க வசதி வேண்டுமே, அது யாரிடம் இருந்தது? பெண்களுக்கோ அனுமதியே இல்லை.

நமக்கு மிகவும் பொருந்துவது 1397இல் நடந்த விவகாரம். அவ்வாண்டு தேறியவர் அனைவரும் தென் சீனர். வடக்கே கொந்தளிப்பு எழுந்தது. விடைத்தாள்களை மீண்டும் பார்த்தவர்கள் முடிவு சரியே என்றார்கள். மிங் பேரரசர் ஏற்கவில்லை. தேர்வாளர்களைத் தண்டித்தார், மறுதேர்வில் 61 பேரைத் தேர்ந்தெடுத்தார். அத்தனை பேரும் வடக்கத்தியர்! பின்னர் 1420களில் நூற்றுக்கு 60 தெற்கிற்கு, 40 வடக்கிற்கு என்று பங்கு பிரிக்கப்பட்டது. தகுதி ஒருபுறம், வட்டார நியாயம் மறுபுறம் என்ற வழக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

இந்தியாவில் ஐ.சி.எஸ். பதவிக்கான போட்டித் தேர்வு 1855இல் லண்டனில் தொடங்கிற்று. சீன முன்மாதிரி அக்காலத்தில் இங்கிலாந்தில் விவாதிக்கப்பட்டதுதான். இந்திய மண்ணிலேயே எழுத 1922 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆந்திரத்தில் அதே வட்டாரத் தகராறு முல்கி கிளர்ச்சியாக வெடித்தது. அதன் விளைவே 1975ஆம் ஆண்டின் ஜனாதிபதி ஆணை. பத்தாம் வகுப்போடு முடியும் நான்கு ஆண்டுகளைத் தொடர்ந்து அந்தப் பகுதியில் படித்தவரை அது உள்ளூர்க்காரராகக் கொண்டது. தமிழ் படிக்கட்டும் என்று வேலூரில் பாட்டி வீட்டில் விடப்பட்டு, ஆறு முதல் பத்து வரை அங்கேயே படித்த சித்தூர்ப் பையன் அந்த அளவுகோலில் வெளியூர்க்காரன். மாநிலத் தேர்வாணைய வினாத்தாளும் தெலுங்கு, ஆங்கிலம் என்று இரு மொழிகளில்தான். பெற்றோர் ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போதே விதிகளை விசாரித்துக்கொள்வது நல்லது.

ரயில்வே தேர்வுக்கு இந்த உள்ளூர் விதி கிடையாது, தமிழிலும் எழுதலாம். ஆனால் 2019இல் அறிவிக்கப்பட்ட சுமார் 35,000 இடங்களுக்கு வந்த மனுக்கள் 1.25 கோடி. ஓர் இடத்துக்கு 350 பேர்.