கதவில் ஒரு எக்ஸ் குறி

சாணக்யபுரியில் தூதரகங்களின் மதிலுக்குப் பின்னால் நம்மவர்கள் குடியிருக்கும் கேம்ப் ஒன்றில், ஒரு வீட்டுக் கதவில் சாக்பீஸால் 'எக்ஸ்' போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். போலியோ ஞாயிறு முடிந்ததும் வீடு வீடாக வருகிற குழு போடும் குறி அது. எல்லாக் குழந்தைக்கும் சொட்டு மருந்து கொடுத்தாயிற்று என்றால் 'பி'. விடுபட்டால், மறுத்தால் 'எக்ஸ்'. அந்த வீட்டுச் சகோதரி மறுத்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மதராஸிகளுக்குப் புத்தி கிடையாது என்று இந்தியில் முணுமுணுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஒற்றை அறையில் ஐந்து பேர். பாட்டிக்குப் புற்றுநோய், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ ஏறுகிறது. பேரனுக்கு ஒன்றரை வயது. தூங்குவது பாட்டி மடியில். ஆஸ்பத்திரியில் யாரோ போகிற போக்கில், "வீட்டுக் குழந்தைக்குப் போலியோ சொட்டு கொடுக்காதே" என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பதில் என்ன கொடுப்பது என்று சொல்லவில்லை. பயந்துபோன தாய் எல்லாத் தடுப்பூசியையும் நிறுத்திவிட்டார். தட்டம்மை ஊசியின் இரண்டாம் தவணையும் நின்று போயிற்று.

தோழர்களே, குற்றவாளி யார்? இந்தத் தாயா?

சொல்லப்பட்ட விஷயம் பாதி உண்மை. போலியோ சொட்டில் இருப்பது வலுக்குறைத்த, ஆனால் உயிருள்ள கிருமி. குழந்தையின் குடலில் வளர்ந்து சில வாரங்களுக்கு மலத்தோடு வெளியேறும். நமக்கெல்லாம் அதனால் கெடுதல் இல்லை. கீமோ எடுப்பவருக்கும், சிறுநீரகம் மாற்றிக்கொண்டு மருந்து சாப்பிடுபவருக்கும் அந்தக் கிருமியை விரட்ட உடம்பில் வலு இராது. ஆபத்து மிக அபூர்வம், ஆனாலும் உண்டு. ஆகவேதான் இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமி, இப்படிப்பட்ட வீட்டுக் குழந்தைக்குச் சொட்டு வேண்டாம், போலியோ ஊசி போடுங்கள் என்கிறது. ஊசியில் இருப்பது செத்த கிருமி. அது யாருக்கும் பரவாது.

மறைந்துபோன பாதி இன்னும் முக்கியம். தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்ட குழந்தையிடமிருந்து பாட்டிக்கு அந்தக் கிருமி தொற்றாது. போடாவிட்டால்தான் தொற்றும்; தடுப்பூசிக் கிருமி அல்ல, அசல் தட்டம்மையே தொற்றும். 2022 கடைசியில் மும்பை கோவண்டியில் நம்மைப் போன்ற ஏழை ஜனங்களின் பிள்ளைகள் தட்டம்மையில் மாண்டார்கள். அந்த நோய் கீமோ எடுக்கும் உடம்பில் ஏறினால் நுரையீரலைத் தின்றுவிடும். பாட்டிக்கு அந்த ஊசியைப் போடவும் கூடாது. பேரன் கையில் போடுகிற ஊசிதான் பாட்டிக்குக் கவசம். அந்தக் கவசத்தைக் கழற்றியது பாதிப் பேச்சு.

சர்க்காரிடம் போலியோ ஊசி இல்லையா? இருக்கிறது. 2015 நவம்பரில் கொண்டுவந்தார்கள். மறுவருடம் உலகெங்கும் தட்டுப்பாடு என்று அளவை ஐந்தில் ஒரு பங்காக்கித் தோலுக்குள் போட ஆரம்பித்தார்கள். அதுவும் பலன் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது சொட்டோடு சேர்த்துக் கொடுப்பது, சொட்டுக்குப் பதிலாக அல்ல. சொட்டு இல்லாமல் முழு அளவு ஊசி வேண்டுமென்றால் தனியார் கிளினிக்குக்குப் போய்க் காசு அவிழ்க்க வேண்டும். பங்களாக்களில் பாத்திரம் துலக்கும் பெண் எங்கே போவாள்? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான் பல பத்தாண்டுகள் இந்த ஊசிக்காக வாதாடினார். டில்லிக்குக் காது கேட்க எத்தனை காலமாயிற்று!

இதைப் பகிரங்கமாகப் பேசினால் ஜனங்கள் சொட்டு மருந்தையே மறுத்துவிடுவார்கள் என்று அதிகாரிகள் அஞ்சுகிறார்கள். சொட்டு மருந்தின் சாதனை சாமானியமல்ல. 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்ட குழந்தைதான் நம் நாட்டின் கடைசி காட்டுப்போலியோ நோயாளி. 2014-ல் நற்சான்றும் கிடைத்தது. ஆனால் வாயை மூடிக்கொண்டால் வதந்தி ஒழியுமா? அந்தக் கதவு 'எக்ஸ்' வாங்கியது உண்மையைச் சொன்னதாலா, பாதியை விழுங்கியதாலா?

கேள்வி கேட்கத் தெரியாத சர்க்கார் அல்ல இது. ஜங்புரா மதராஸி கேம்பை 2025 ஜூன் 1-ஆம் தேதி இடித்தார்களே, அதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் 2015-க்கு முன்பே அங்கிருந்ததா என்று காகிதம் காகிதமாகத் துருவினார்கள். தகுதி உண்டென்றவர்களுக்கு எங்கோ நரேலாவில் வீடு. ரயில்வேயில் புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போகச் சலுகைப் படிவம் இருக்கிறது. (முதியோர் சலுகையை 2020-ல் பறித்தவர்கள் இதை விட்டு வைத்திருக்கிறார்கள்.) கூடப் போகிறவருக்கும் அதில் சலுகை உண்டு. நோயாளி தனியாள் அல்ல, ஒரு வீட்டில் இருக்கிறார் என்பது டிக்கெட் கவுண்டருக்குத் தெரிகிறது. தடுப்பூசி அட்டைக்குத் தெரியவில்லை!

வாசலுக்கு வருகிற ஆஷா ஊழியரிடமும் அங்கன்வாடிப் பெண்ணிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். சொற்பத் தொகைக்கு வெயிலில் அலையும் தொழிலாளிகள் அவர்கள். கேட்கச் சொல்லாத கேள்வியை அவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

நம் கோரிக்கை இரண்டே. வீட்டில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் உண்டா என்ற ஒரு வரி தடுப்பூசி அட்டையில் வேண்டும். உண்டு என்றால், முழு அளவு போலியோ ஊசி சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாக வேண்டும். மனு தயாராகிறது, கையெழுத்து வேட்டை இந்த மாதமே ஆரம்பம்.

அதுவரை தாய்மார்கள் நோயை மறைக்க வேண்டாம். வேலை போய்விடும், வாடகை வீடு போய்விடும் என்று பலர் மறைப்பதை நானறிவேன். சொட்டு கொடுக்கும் முன், வீட்டில் கீமோ எடுப்பவர் இருக்கிறார் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றால் பதற வேண்டாம். நாலு முதல் ஆறு வாரம் வரை குழந்தைக்குக் கால் கழுவிவிடும் வேலையை நோயாளியிடம் விடாதீர்கள். கழுவுகிறவர் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். மற்ற ஊசிகளை, டாக்டரைக் கேட்காமல், ஒன்றைக்கூட நிறுத்தாதீர்கள். இந்தி பேச வராதவர்கள் குழந்தையின் அட்டையையும் நோயாளியின் ஆஸ்பத்திரிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை சங்கத்துக்கு வாருங்கள். கூட வர ஆள் உண்டு. அந்த 'எக்ஸ்' வீட்டுப் பேரனின் தட்டம்மை ஊசிக்கு வருகிற புதன்கிழமை நானே போகிறேன்.