உடையார் மகன் உடையாரா?

"அவர் தலைவராகவே பிறந்தவர், நமக்கெல்லாம் அது வராது." கமக்காரர் அமைப்புக்குத் தெரிவு நடக்கும் காலம் வந்துவிட்டால் வன்னியெங்கும் இப்பேச்சு எழுகிறது. எழுப்புவோர் யாரெனப் பாருங்கள். பதவியில் இருப்பவரின் மைத்துனர். அவர் தயவிலே உழவு இயந்திரம் வாடகைக்கு விடுபவர்!

உடையார்கட்டு மக்களே, உங்கள் ஊர்ப் பெயரிலே நிற்கும் 'உடையார்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் ஆட்சியில் மணியகாரருக்குக் கீழும் விதானைக்கு மேலும் இருந்த உத்தியோகத்தின் பெயர் அது. நியமனத்திலே குடும்பமும் சொத்தும் பார்க்கப்பட்டன. தகப்பனுக்குப் பின் மகன் அமர்ந்தான். கண்டவர்கள் தலைமை இரத்தத்திலே ஓடுகிறது என்றனர். ஓடியது இரத்தத்தில் அன்று, நியமனக் கடிதத்தில்! 1963 இல் தலைமைக்காரர் முறை ஒழிந்து, பரீட்சை எழுதிய கிராம சேவகர் வந்தனர். வானம் இடிந்து விழுந்துவிட்டதா?

அதற்கு முன்னரே, 1958 இன் நெற்காணிச் சட்டம் வட்ட விதானையின் பொறுப்பைப் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் ஒப்படைத்தது. அக்குழுக்கள் பல இடங்களிலே தளர்ந்தன என்பது மெய்யே. பெரிய காணிக்காரர் ஒத்துழைக்கவில்லை. சட்டத்துக்கும் பல் போதவில்லை. குற்றமோ கமக்காரனின் பிறப்பின்மேற் சுமத்தப்பட்டது.

தந்தை செல்வாவுக்கு மேடையை அதிரவைக்கும் குரல் இருந்ததில்லை. ஆசிரியராயிருந்து வழக்கறிஞரானவர், 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர், 1952 இல் காங்கேசன்துறையிலேயே தோற்றவர். பிறவித் தலைவர் என்னும் அளவுகோலை அன்று பிடித்திருந்தால் அவர் கதை அத்துடன் முடிந்திருக்கும். 1956 இல் அதே தொகுதியில் வென்றார்.

குரலும் துணிவும் சிலருக்கு இயல்பிலேயே கூடுதலாக அமையும். அதை யாம் மறுக்கவில்லை. ஆயின் குளத்தில் நீர் வற்றிய ஆண்டிலே எந்த வயலுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று பிரிக்கவும், எதிராளியின் சொல்லையும் கூட்டக் குறிப்பிலே பதியவும் அறிந்து எக்குழந்தையும் பிறப்பதில்லை. செய்தே பழக வேண்டும். செய்ய விடாதிருப்பதே இங்கு சூழ்ச்சி.

2009 ஜனவரியில் 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவிக்கப்பட்ட நிலத்தினுள் உடையார்கட்டும் இருந்தது. ஷெல் விழுந்த அந்நாட்களிலே பதுங்குகுழி வெட்டி, இருந்த அரிசியைப் பங்கிட்டு, பிள்ளைகளை எண்ணி எண்ணி நகர்த்தியவர்களுள் எத்தனை பேர் பெண்கள்! கணவனை இழந்து திரும்பி வந்து வயல் செய்வோரும் அவர்களே. அவர்களைப் பார்த்து "தலைமைக் குணம் இல்லை" என்று சொல்ல வாய் வருகிறதே! உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்னும் சட்டம் 2018 தேர்தலிலே நடைமுறைக்கு வந்தபோதும் "ஆளில்லை" என்றார்கள். ஆட்கள் வந்தார்கள், சபைகளில் அமர்ந்தார்கள்.

ஆகவே அடுத்த காலபோகக் கூட்டத்திலே இரண்டு பிரேரணைகளைக் கொண்டுவாருங்கள். தொடர்ந்து இரு தடவைக்கு மேல் ஒருவர் தலைவராயிருத்தல் ஆகாது. துருசுத் திறப்பும் கணக்குப் புத்தகமும் ஒரே வீட்டிலே இருத்தல் ஆகாது. எதிர்த்துக் கையுயர்த்துவோர் பெயரைக் குறிப்பேட்டிலே எழுதிக்கொள்ளுங்கள்.